நெஞ்சுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று

சிலாபத்தில் கணித ஆசிரியர்களுக்கான ஒரு நாள் கருத்தரங்கு முடிந்து பஸ்ஸில் தனியாக வந்துகொண்டிருந்தேன். மதுரங்குளிச் சந்திக்குச் சற்று முன்னால் எனக்கு மூச்சு முட்டியது. பஸ்ஸில் அவ்வளவு சனம் இல்லை. ஜன்னல் திறந்திருந்தது, காற்று முகத்தில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதில் கொஞ்சமும் எனக்குள் போகவில்லை. விரல் நுனிகள் விறைத்தன. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருந்தது. நெஞ்சு தொண்டைக்குள் ஏறி நின்று அடித்தது. சாகப்போகிறேன் என்று நினைத்தேன். பஸ்ஸுக்குள் சாகக்கூடாது என்றும் நினைத்தேன். எழுந்து நின்று கத்தி, பஸ்ஸை நிறுத்தி, இறங்கிவிட்டேன்.

இறங்கிய இடத்தில் ஒரு பெயின்ட் கடை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

"ராத்தா, இருங்க, இருங்க. சோடா ஒண்டு உடைக்கவா?"

மூச்சே இறங்காதவளுக்குச் சோடா எப்படி இறங்கும்? வேண்டாமென்று தலையை ஆட்டினேன். அவர் என் ஃபோனை வாங்கி என் கணவரை அழைத்தார்.

கணவர் கண்டக்குழியில் மீன்பிடிப் படகுகளின் இயந்திரம் திருத்துகிறவர். அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துசேர ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அதற்குள் எல்லாம் அடங்கிப்போய், எனக்கு ஒன்றுமே நடக்காததுபோல ஆகிவிட்டது. வெட்கமாக இருந்தது. ஒயில் படிந்த கையோடு வந்து நின்ற அந்த மனுஷன் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"ஏறு. மெதுவாப் போவம்" என்றார்.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாமல் போயிற்று. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது வகுப்பை நான்கு தடவை சுற்றி வருவேன். ஆசிரியர் அறையில் கதிரையில் இருந்தால் கால் தானாக ஆடும். பக்கத்து மேசை ஆசிரியை, "உங்கட மேசை நடுங்குது" என்று சிரிப்பாள். வீட்டில் கூட்டிய முற்றத்தை மறுபடி கூட்டுவேன். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் போய்ப் பார்ப்பேன். நடுவில் எதிர்பாராத நேரத்தில் அந்த முட்டல் வரும். ஒரு தடவை ஒன்பதாம் வகுப்பில், கரும்பலகைக்கு முன்னால். ஒரு தடவை நுரைச்சோலைச் சந்தையில், வெங்காயம் வாங்கிக்கொண்டிருக்கும்போது. வாங்கிய வெங்காயத்தை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன்.

இசிஜி எடுத்தார்கள். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். இரத்தம் சோதித்தார்கள். எல்லாம் சரி என்றார்கள். எல்லாம் சரி என்று கேட்கக் கேட்க எனக்குக் கோபம்தான் வந்தது. கடைசியில் ஒரு சிங்கள டொக்டர், என் கால் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு துண்டு எழுதினார். வாங்கிப் பார்த்தேன். உளநல கிளினிக் என்றிருந்தது.

"எனக்குப் பைத்தியமில்லை டொக்டர்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

"பைத்தியம் என்று நான் சொன்னேனா? மூச்சு எடுக்கப் பழக்குவார்கள். போய்ப் பாருங்கள்" என்றார்.

முப்பத்தைந்து வயதில் எனக்கு மூச்சு எடுக்கப் பழக்குவதா! பள்ளிக்கூடத்தில் பிரஷர் கிளினிக் என்று பொய் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமைகளில் பின்னேரம் போகத் தொடங்கினேன்.

அந்த அறை சின்னது. ஒரு மேசை, ஒரு கம்பியூட்டர், இரண்டு கதிரை, கதவில்லாத ஓர் அலுமாரி. அங்கே மூச்சுப் பயிற்சி கொடுத்தவள் உடப்பு ஊரைச் சேர்ந்த பிள்ளை. இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். நெற்றியில் மெல்லிய திருநீறு. நான் அவளை மிஸ் என்றேன், அவள் என்னை டீச்சர் என்றாள். கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான்.

அவள் அலுமாரியிலிருந்து இரண்டு பட்டிகளை எடுத்தாள். இறப்பர்போல இழுபடுகிற அகலமான துணிப் பட்டிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் தீப்பெட்டியளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து வயர்.

"ஒண்டு நெஞ்சுக்கு, மற்றது வயித்துக்கு. மூச்சு எடுக்கக்குள்ள பெல்ட் விரியும், விடக்குள்ள சுருங்கும். அத இந்த மெஷின் அளந்து கீறிக் காட்டும். வேற ஒண்டும் செய்யாது. கரண்ட் அடிக்காது."

"அபாயாவக் கழட்ட வேணுமா?"

"தேவையில்ல டீச்சர். மேலாலயே போடலாம்."

அது எனக்குப் பெரிய ஆறுதல். கதவைச் சாத்திவிட்டு அவளே கட்டிவிட்டாள். திரையில் இரண்டு கோடுகள் ஓடத் தொடங்கின. மேலே இருந்த சிவப்புக் கோடு நெஞ்சு. அது முள்ளுக்கம்பிபோலக் குத்திக் குத்தி ஓடியது. கீழே நீலக் கோடு வயிறு. அது அசையவே இல்லை.

"இது பழுது. கீழ உள்ளது வேலை செய்யல்ல" என்றேன்.

"வேலை செய்யுது டீச்சர். உங்கட வயிறுதான் வேலை செய்யல்ல."

அவள் என் முன்னால் தன் வயிற்றில் பட்டியைக் கட்டிக் காட்டினாள். நீலக் கோடு கடலில் தூரத்து அலைபோலப் பெரிதாக எழுந்து பெரிதாக இறங்கியது. எனக்குத் திரும்பக் கட்டினாள். மறுபடி தட்டையாகப் படுத்துக்கொண்டது. நான் அளவுக்கு மிஞ்சி மூச்சு எடுக்கிறேன் என்றும், நெஞ்சின் மேல்பக்கத்தால் மட்டும் எடுக்கிறேன் என்றும், விரல் விறைப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான் என்றும் அவள் விளக்கினாள். காற்றுப் போதவில்லை என்று நினைத்து நான் இன்னும் இன்னும் இழுத்ததுதான் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கிறது.

திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பந்து மெதுவாக ஏறி இறங்கும். அது ஏறும்போது எடுக்க வேண்டும், இறங்கும்போது விட வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. கணக்குப் படிப்பிக்கிற எனக்கு இது ஒரு சோதனையாகவே பட்டது. நூற்றுக்கு நூறு எடுத்தே ஆகவேண்டும் என்று பந்தைத் துரத்தினேன். அது மேலே போய்ச் சேருமுன் என் மூச்சு போய்விடும், கீழே வருமுன் நான் அடுத்ததை இழுத்துவிடுவேன். கோடு இன்னும் மோசமாயிற்று. நான் பல்லைக் கடித்தேன்.

"டீச்சர், இதுக்குப் புள்ளி இல்ல."

"அப்ப பிழையாச் செய்யிறன் என்டு எப்படித் தெரியும்?"

அவள் சிரித்துவிட்டு, "பல்லக் கடிச்சுக்கொண்டு மூச்சு விட ஏலாது. முதல்ல வாயக் கொஞ்சம் தளர விடுங்க" என்றாள்.

மூன்று செவ்வாய்க்கிழமைகள் அப்படியே போயின. நான்காவது தடவை, அவள் ஃபோனில் யாரோடோ கதைத்துக்கொண்டிருக்க, நான் சலித்துப்போய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து திரையைப் பார்த்தவள், "ஆ, பாருங்க!" என்றாள். நீலக் கோடு ஏழெட்டு அலைகள் எழுதியிருந்தது. நான் பார்த்ததும் நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

என் மனம் எதைச் சுற்றிக்கொண்டிருந்தது என்று அவள் பல தடவை கேட்டிருக்கிறாள். வேலை கூடிப்போச்சு என்று சொல்லி மழுப்பினேன். உண்மையில் அது மன்னார், நாங்கள் பிறந்த ஊர்.

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களையெல்லாம் இயக்கக்காரர் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது எனக்குப் பதினொரு வயது. என் கணவருக்குப் பதினாலு. ஒரே ஊர்தான், ஆனால் அங்கே ஒருவரையொருவர் தெரியாது. புத்தளத்தில் அகதி முகாமில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தோம், இங்கேயே கலியாணம் முடித்தோம், பாலாவி கல்பிட்டி வீதியோரத்தில் ஒரு கல்வீடு கட்டினோம். யுத்தம் முடிந்து மன்னாருக்கான காட்டுப் பாதை திறந்ததும் அவருடைய அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், ஊருக்குத் திரும்பிப்போய் காணி துப்புரவாக்கினார். ஒவ்வொரு கிழமையும் ஃபோன் எடுப்பார். "உங்கட துண்டுக் காணி சும்மா கிடக்கு. எப்ப வாறீங்க? அவளுக்கு இடமாற்றம் எடுக்கச் சொல்லு." இடமாற்றப் படிவம் அலுமாரியில் இருந்தது. நான் நிரப்பவுமில்லை, கிழிக்கவுமில்லை. அவர் ஒரு நாளும் வற்புறுத்தவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஃபோன் அடித்தால் நான் எழுந்து வேறெங்காவது போய்விடுவேன்.

என் உம்மாவும் வாப்பாவும் இங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். ஊரில் எனக்கு நினைவிருப்பது ஒரு கிணறும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற மணல் பாதையும்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொந்த ஊருக்குப் போக விருப்பமில்லை என்று சொல்கிறவள் எப்படிப்பட்டவள்? எத்தனை சனம் அந்த நாளுக்காகக் காத்திருந்தது!

எட்டாவது செவ்வாயா, ஒன்பதாவதா தெரியாது. மழை கொட்டியது. வழக்கமாக என்னை ஏற்றி வந்து, ஆஸ்பத்திரி வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்பாட்டுகிற மரத்தடியிலேயே நின்றுகொள்வார் கணவர். அன்று நனைந்துகொண்டு நிற்பதை ஜன்னலால் பார்த்த அந்தப் பிள்ளை, போய் அவரை உள்ளே கூட்டிவந்தாள்.

"அண்ணா, வந்ததுதான் வந்தீங்க, டீச்சர் வீட்டுல பழகக்குள்ள எப்படி உதவி செய்யிறதுன்னு காட்டித் தாறன். ஒருக்காப் போட்டுப் பாருங்க."

"எனக்கு ஒண்டுமில்லையே" என்றார்.

"ஒண்டுமில்லாதவங்கட லைன் எப்படி இருக்கும்னு டீச்சர் பாக்கட்டும்."

"சேட்டு முழுக்க ஒயில். உங்கட பெல்ட் பழுதாப் போகும்."

"கழுவலாம்" என்று சொல்லி, பட்டிகளை அவர் கையில் கொடுத்து எப்படிக் கட்டுவது என்று காட்டினாள். பாடசாலைப் பிள்ளைபோல அவர் விறைப்பாக இருந்தார். ஆனால் திரையில் கோடு அழகாக வந்தது. நீலம் பெரிதாக, ஆறுதலாக எழுந்து விழுந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. வீட்டில் எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷன், பொறுமையின் உருவம் என்று என் சகோதரிகளெல்லாம் சொல்வார்கள். இதோ அதற்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது என்று நினைத்து நான் ஒரு பெருமூச்சு விட்டேன்.

கோடு நின்றது.

இரண்டும் நின்றன. சிவப்பும் நீலமும் நேராக, அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஓடின. நான்கைந்து நொடி. பிறகு அவர் மூச்சை விட, பழையபடி அலை வந்தது.

அந்தப் பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக் குளிருக்கு நான் இருமினேன். மறுபடி நின்றது. கதிரையில் அசைந்து, தொண்டையைச் செருமினேன். நின்றது.

"அண்ணா, ஏன் மூச்ச நிப்பாட்டுறீங்க?"

"ஆரு, நானா? இல்லையே."

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "டீச்சர், இன்னொருக்காப் பெருமூச்சு விடுங்க" என்றாள். விட்டேன். அவர் தன் கோடு நேராகப் படுப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். காது சிவந்துபோயிற்று. சட்டென்று எழுந்து பட்டியைக் கழற்றத் தொடங்கினார்.

"மழை விட்டுட்டு. போவம்" என்றார்.

மழை விடவில்லை. முன்னைவிடப் பலமாகப் பெய்துகொண்டிருந்தது. அவள் தடுக்கவில்லை. நாங்கள் நனைந்துகொண்டே வீதியைக் கடந்து, எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்குள் ஏறினோம். அவர் இரண்டு பிளேன்டி சொன்னார். வந்ததை ஆற விட்டார். என் கால் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தப் பார்க்கவில்லை.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"என்ன எப்ப இருந்து?"

"என்ட மூச்சக் கேக்கிறதுக்காக உங்கட மூச்ச அடக்கிறீங்க. எப்ப இருந்து?"

கிளாஸை மேசையில் மெல்லச் சுற்றினார்.

"உன்னால இல்ல. அது முன்னயே பழகிப் போச்சு" என்றார். "ஊர விட்டுத் தோணியில வரக்குள்ள உம்மாக்குத் தொய்வு, மூச்சு இழுக்குது. மருந்து வீட்டுலயே விடுபட்டுட்டுது. வாப்பாவும் நானாவும் மற்றத் தோணியில. உம்மாவும் நானும் ஒண்டுல. இஞ்சின் சத்தத்துல அவட மூச்சுக் கேக்கல்ல. நான் அவட முதுகுல காத வெச்சுக்கொண்டு, என்ட மூச்சச் சத்தம் இல்லாம அடக்கிக்கொண்டு வந்தன். கல்பிட்டிக் கரை காணும்வரைக்கும் அப்பிடித்தான்."

அவருடைய உம்மா அந்தப் பயணத்தில் தப்பிவிட்டார். அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார், எங்கள் கலியாணத்தைக் கண்டார். தோணிப் பயணத்தை அவர் கதைகதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன், விட்டுவந்த ஆடுகள் வரைக்கும். தன் முதுகில் ஒரு காது இருந்தது அவருக்கே தெரியாது போலும்.

"அதுக்குப் பிறகு ஆரு பக்கத்துல படுத்தாலும் மூச்சு வருதா என்டு கேக்காம எனக்கு நித்திரை வராது" என்றார். "உனக்கு இந்த வருத்தம் வந்ததுக்குப் பிறகு பகல்லயும் வந்துட்டுது. நீ குசினிக்குள்ள நிண்டா நான் இங்கால நிண்டு கேப்பன்."

பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். சாப்பாடு பிடித்ததா, எந்தச் சேட்டு வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். இது தெரியாது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆனால் வந்தது கோபம்.

"சொல்லியிருக்கலாமே!"

"நீ சொன்னியா?"

"நான் என்ன சொல்லல்ல?"

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "ஊருக்குப் போக விருப்பமில்லை என்டு. மன்னார்க் கதை எடுத்தா உன்ட மூச்சு மாறும். நானா ஃபோன் எடுத்தா மாறும். எனக்கு அது ரெண்டு வருஷமாத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டா சும்மா இருந்தீங்க?"

"நீ வாயாலச் சொல்லுவாய் என்டு பாத்துக்கொண்டிருந்தன்."

நான் எழுந்துவிட்டேன். கடையின் வாசல் வரை போனேன், திரும்பி வந்தேன். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார். திரும்பவும் வாசலுக்குப் போய், மழையைப் பார்த்துக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன்: "எனக்கு ஏலாது. என்ட உம்மா, வாப்பா ரெண்டு பேர்ட கபுறும் இஞ்ச. என்ட பள்ளிக்கூடம் இஞ்ச. நான் அங்க போய் மறுபடி முதல்ல இருந்து தொடங்க மாட்டன்."

"ஓம்" என்றார் பின்னாலிருந்து. அவ்வளவுதான். அதில் கோபமா, கவலையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் உள்ளே வரவில்லை. அதற்கடுத்த கிழமை, யாரும் கூப்பிடாமலே வந்து கதவடியில் நின்றார். எங்களிருவருக்குமாக அந்தப் பிள்ளை ஒரு சின்ன வழி சொன்னாள். மூச்சை விடும்போது நான் உதட்டைக் குவித்து, ஊதுகுழலில் நெருப்பு ஊதுவதுபோல, மெல்லிய சத்தத்தோடு விட வேண்டும். சத்தத்தோடு விட்டால் எனக்கு மூச்சு நீளும், அவசரமாக அடுத்ததை இழுக்க மாட்டேன். அவருக்குச் சத்தம் காதில் விழும், தன் மூச்சை அடக்கிக் கேட்கத் தேவையில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து" என்றாள். அவள் முகத்தில் பெருமை தெரிந்தது. இதை அவள் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

அவர் நான்கு தடவை பட்டி கட்டினார். பிறகு வேலை கூடிப்போச்சு என்று சொல்லி நின்றுவிட்டார். வெட்கம்தான். ஆனால் வீட்டில் நான் சத்தத்தோடு ஊத மறந்தால், "எங்க, கேக்கல்ல" என்பார். சில நாள் எனக்கு அது பிடிக்கும். சில நாள் எரிச்சல் வரும், வேண்டுமென்றே சத்தமில்லாமல் விடுவேன்.

நானாவுக்குச் சொல்லும் நாள் ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, அவர் விறாந்தையில் ஃபோனை எடுத்தார். நான் வீட்டுக்குள் இருக்க முடியாமல் முற்றத்தில் இறங்கி நடந்தேன். தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டு தெரிந்தது. வேலி வரை போய், கிணற்றைச் சுற்றி, மறுபடி வேலி. உதட்டைக் குவித்து ஊதினேன். கால் நிற்கவில்லை. அவர் குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை. என் பெயரை அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். "நாங்க இஞ்சயே இருக்கிறம். அந்தத் துண்டை உங்கட மூத்த மகனுக்கு எடுங்க" என்றார். பிறகு ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே படியிறங்கி வந்தார்.

"சொல்லிட்டன்."

"நானா என்ன சொன்னார்?"

"ஒண்டும் சொல்லல்ல. ஃபோன வெச்சுட்டார்."

அன்று அவர் கண்டக்குழிக்கு வேலைக்குப் போகவில்லை. பின்னேரம் முழுக்கக் கடற்கரைப் பக்கமாக நடந்துவிட்டு வந்தார். எனக்காக அவர் எதை விட்டார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கனம் என் நெஞ்சிலிருந்து இறங்கி அவருடையதில் ஏறியிருக்கிறது என்றும் தெரியும். அதனால் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

அந்த மாதத்தோடு என் கிளினிக் முடிந்தது. கடைசி நாள் என் நீலக் கோட்டை அந்தப் பிள்ளை தாளில் அச்சடித்துக் கொடுத்தாள். முதல் நாள் கோட்டையும் பக்கத்திலேயே அடித்திருந்தாள். அலை அழகாகவெல்லாம் இல்லை. இடைக்கிடை முள் இருந்தது. "மனுசர்ட மூச்சு இப்படித்தான் டீச்சர். ஒரே மாதிரி ஓடினா நான் மெஷினத்தான் சந்தேகப்படுவன்" என்றாள்.

முட்டல் வருவது அருகிவிட்டது. வந்தாலும் அது என்ன என்று தெரியும், ஊதிக்கொண்டு நிற்பேன், அது தன்பாட்டில் போகும். கால் மட்டும் இன்னும் ஆடுகிறது. அடுப்பை இன்னும் இரண்டு தரம் பார்க்கிறேன்.

நானா ஒரு வருஷத்துக்கு மேல் எங்களோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு ஹஜ்ஜுப் பெருநாளன்று, சொல்லாமல் கொள்ளாமல் மனைவி மக்களோடு ஒரு வேனில் வந்து இறங்கினார். கணவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். இருவரும் கட்டிப்பிடித்து சலாம் சொன்னார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோனேன். நானா ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனி கூடிப்போச்சு" என்றார். நான் கிளாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். சீனியில்லாமல் புதிதாக ஊற்றினேன். விறாந்தையில் அண்ணனும் தம்பியும் ஏதோ ஒரு படகு இயந்திரத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள்.